அம்மா இறந்து மூன்று வருஷம் கழித்து அம்மா வைத்த கைநாட்டு

வாசகர் கேள்விகள், வக்கீல் பதில்கள்

இந்த முறை வந்த கடிதங்களில் நிறைய போலிப் பத்திரம், போலிக் கையெழுத்து பற்றியவைதான். ஒரே மாதிரி இருப்பவற்றைச் சேர்த்து ஐந்து கேள்விகளுக்குப் பதில் எழுதியிருக்கிறேன். முதல் கேள்விக்குக் கொஞ்சம் நீளமாகவே எழுத வேண்டியதாகிவிட்டது. அந்த நிலைமையில் இருப்பவர்கள் பலர், அதில் தவறான இடத்தில் அடி எடுத்து வைத்துத் தோற்றவர்களை நானே பார்த்திருக்கிறேன்.

கேள்வி: எனக்குச் சொந்த ஊர் லால்குடிப் பக்கம், கல்யாணமாகி ஓசூரில் இருக்கிறேன். அப்பா முன்பே காலமாகிவிட்டார். அம்மா 2016ல் இறந்தார். அம்மா பெயரில் ஒன்றரை ஏக்கர் நஞ்சை இருந்தது. பிள்ளைகள் நாங்கள் மூன்று பேர்: அண்ணன், நான், தங்கை. பொங்கலுக்கு ஊருக்குப் போனால் வயலைச் சுற்றி வேறொருவர் வேலி போட்டிருக்கிறார். வில்லங்கம் போட்டுப் பார்த்தோம். 2019ல் அம்மா அண்ணனுக்குப் பொது அதிகாரப் பத்திரம் எழுதிக் கொடுத்ததாகவும், 2021ல் அண்ணன் அம்மாவின் பவர் ஏஜெண்டாக நின்று அதே ஊர்க்காரருக்குக் கிரையம் செய்ததாகவும் வருகிறது. வாங்கியவர் அம்மாவின் காரியத்துக்கு வந்து சாப்பிட்டுப் போனவர். போலீஸில் "இது சிவில் மேட்டரும்மா" என்கிறார்கள். அண்ணனை ஜெயிலில் பார்க்க எனக்கு ஆசையில்லை. ஆனால் அம்மா பெயரில் யாரோ கைநாட்டு வைத்ததை நினைத்தால் தூக்கம் வரவில்லை.
– வாசகி, ஓசூர்

பதில்: அம்மா, இது வெறும் சிவில் மேட்டர் இல்லை. இறந்துபோனவர் பதிவு அலுவலகத்தில் வந்து கைநாட்டு வைக்க முடியாது, அப்படியானால் 2019ல் அந்த நாற்காலியில் உட்கார்ந்தது வேறொரு பெண். அது ஆள்மாறாட்டம். அவர் வைத்த கைநாட்டால் உருவானது போலி ஆவணம். அதைக் காட்டி நிலத்தை விற்றது, போலி ஆவணத்தை உண்மையானது போலப் பயன்படுத்திய குற்றம். இவையெல்லாம் தனித்தனிக் குற்றங்கள்.

உங்கள் விஷயம் 2019லும் 2021லும் நடந்தது. பாரதிய நியாய சன்ஹிதா 2024 ஜூலை 1ல்தான் அமலுக்கு வந்தது, அதற்கு முன் நடந்த குற்றத்துக்குப் பழைய இந்திய தண்டனைச் சட்டமே பொருந்தும். எனவே உங்கள் புகாரில் ஆள்மாறாட்டத்துக்கு 419, ஏமாற்றியதற்கு 420, போலி ஆவணம் செய்ததற்கு 467, 468, அதைப் பயன்படுத்தியதற்கு 471, கூட்டுச் சதிக்கு 120பி என்று வரும். இதே விஷயம் இன்று நடந்திருந்தால் 467க்குப் பதில் புதிய சட்டத்தின் 338, 468க்குப் பதில் 336(3), 471க்குப் பதில் 340(2), 420க்குப் பதில் 318(4). எண் மாறியிருக்கிறதே தவிர சாரம் அப்படியேதான் இருக்கிறது.

இதில் 467தான் கனமான பிரிவு, ஆயுள் தண்டனை வரை போகலாம், அல்லது பத்து வருஷம் வரை. ஒரு சொத்துரிமையை உண்டாக்குகிற, மாற்றுகிற, விட்டுக்கொடுக்கிற பத்திரம், உயில், பணம் பெற்றுக்கொண்டதாகச் சொல்லும் ரசீது, இப்படிப்பட்டவற்றைப் போலியாகச் செய்தால் இந்தப் பிரிவு. கிரையப் பத்திரம் மட்டுமில்லை, அப்படி ஒரு பத்திரத்தை எழுதிக் கொடுக்க இன்னொருவருக்கு அதிகாரம் தருகிற பத்திரமும் இதில் அடங்கும். அதனால் பவர் பத்திரம் "வெறும் பவர்தானே" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 468 என்பது ஏமாற்றும் நோக்கத்தோடு செய்த போலி ஆவணத்துக்கு, ஏழு வருஷம் வரை. 420க்கும் ஏழு வருஷம் வரை. 420, 468 இரண்டிலும் போலீஸ் மாஜிஸ்திரேட் உத்தரவுக்குக் காத்திருக்காமல் நேரடியாக வழக்குப் பதியலாம், பதிய வேண்டும்.

இனி நான் மிகவும் முக்கியமாக நினைக்கிற விஷயம். உங்களுக்குக் கோபம் அண்ணன் மேல். ஆனால் புகாரில் "அண்ணன் போலிப் பத்திரம் செய்துவிட்டார்" என்று ஒரே வரியில் எழுதிக் கொடுத்தால் வழக்கு பின்னால் விழுந்துவிடலாம். தமிழ்நாட்டிலிருந்தே உச்ச நீதிமன்றம் போய் 2018ல் தீர்ப்பான ஒரு வழக்கு கிட்டத்தட்ட உங்கள் கதைதான்: நிலத்துக்காரர் பெயரில் வேறொரு பெண் வந்து பவர் எழுதிக் கொடுத்துவிட்டார், பவர் வாங்கியவர் அதை வைத்து அடமானப் பத்திரம் எழுதினார். புலனாய்வில் அந்த ஆள்மாறாட்டப் பெண்ணைக் கண்டுபிடிக்கவேயில்லை. போலி ஆவணத்தைச் செய்தவர் யாரோ அவர்மீதுதான் போலி ஆவணக் குற்றம் நிற்கும், செய்யாதவர்மீது நிற்காது என்று சொல்லி, பவர் வாங்கியவர் விடுதலை ஆனதை நீதிமன்றம் உறுதி செய்துவிட்டது. படிக்கிறபோது மனசு வலிக்கும், ஆனால் சட்டம் கேட்கிற கேள்வி அதுதான்: இந்தக் காகிதத்தைச் செய்த கை யாருடையது?

அதனால் அந்தப் பெண்ணைக் கண்டுபிடிக்க வைப்பதுதான் உங்கள் புகாரின் உயிர். சார்பதிவாளர் அலுவலகத்தில் 2019 பவர் பத்திரத்துக்கு நகல் மனு போட்டுச் சான்றிட்ட நகல் வாங்குங்கள். அதில் எழுதிக் கொடுத்தவரின் புகைப்படம் இருக்கும், விரல் ரேகை அலுவலகப் பதிவில் இருக்கும், கொடுத்த அடையாள அட்டை விவரம் இருக்கும். போட்டோவைப் பார்த்தாலே "இது அம்மா இல்லை, இன்ன வீட்டுப் பெண்" என்று ஊரில் சொல்லிவிடுவார்கள், பல வழக்கில் அப்படித்தான் வெளிவருகிறது. அப்புறம் "எழுதிக் கொடுப்பவர் இவர்தான், எனக்குத் தெரியும்" என்று அடையாளம் காட்டிக் கையெழுத்துப் போட்ட இரண்டு சாட்சிகள். இறந்தவரை உயிரோடு இருப்பதாகக் காட்டிய அவர்களை விசாரித்தால் மீதிக் கதை தானாக வரும். பத்திர எழுத்தரை மட்டும் எடுத்தவுடன் எதிரியாகச் சேர்க்காதீர்கள், அவருக்கு விவரம் தெரிந்திருந்தது என்பதற்கு ஏதாவது இருந்தால்தான்.

அண்ணனைப் பொறுத்தவரை, அம்மா இறந்தது அவருக்குத் தெரியும். கொள்ளி வைத்ததே அவராகத்தான் இருக்கும். தெரிந்துகொண்டே அந்தப் பெண்ணை அழைத்து வந்து உட்கார வைத்தார், சதி செய்தார், பின்பு அதைப் பயன்படுத்தி விற்றார் என்று தேதிவாரியாக எழுதுங்கள். வாங்கியவர் விஷயத்திலும் அப்படித்தான். வெளியூர்க்காரர் ஒருவர் பவரை நம்பிப் பணம் கொடுத்திருந்தால் அவரும் உங்களைப் போல ஏமாந்தவர். உங்கள் அம்மாவின் காரியத்துக்கு வந்தவருக்கு அந்தச் சாக்கு கிடையாது. அந்த ஒரு விவரத்தைக் கடிதத்தில் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள், புகாரில் அதை முன்னால் வையுங்கள். அன்றைக்கு வந்திருந்த உறவுக்காரர்கள் இரண்டு பேர் சாட்சி சொல்லத் தயாரா என்று கேட்டு வையுங்கள். காரியப் பத்திரிகை, போட்டோ, வீடியோ எது கிடைத்தாலும் எடுத்து வையுங்கள்.

புகாரை மாவட்டக் குற்றப்பிரிவு அல்லது நில அபகரிப்புத் தடுப்புப் பிரிவில் கொடுங்கள், அம்மாவின் இறப்புச் சான்றிதழும் பவர் நகலும் முதல் இணைப்பாக இருக்கட்டும். இரண்டு தேதியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் "சிவில் மேட்டர்" என்று சொல்வது கஷ்டம். ஸ்டேஷனில் வாங்க மறுத்தால் எஸ்.பி.க்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். அதற்கும் பலனில்லை என்றால் மாஜிஸ்திரேட் முன்பு உறுதிமொழிப் பத்திரத்தோடு மனு போடலாம், பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதில் வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 175(3) பிரிவு அதற்குத்தான் இருக்கிறது.

இதோடு நிற்காதீர்கள், இதைக் கெஞ்சிக் கேட்கிறேன். கிரிமினல் வழக்கு நிலத்தை உங்களுக்குத் திருப்பித் தராது. அண்ணனுக்குத் தண்டனை கிடைத்தாலும் பதிவேட்டில் கிரையம் அப்படியேதான் நிற்கும். போலி என்று பதிவான பத்திரத்தை மாவட்டப் பதிவாளரே ரத்து செய்ய 2022ல் தமிழ்நாட்டில் பதிவுச் சட்டத்தில் 77ஏ என்று ஒரு பிரிவு கொண்டுவந்தார்கள், 2024ல் சென்னை உயர் நீதிமன்றம் அது செல்லாது என்று சொல்லிவிட்டது. ஆகவே சிவில் வழக்கு போட்டே ஆக வேண்டும். நீங்கள் அந்தப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டவர் இல்லை, அதனால் "ரத்து செய்யுங்கள்" என்று கேட்க வேண்டியதில்லை, "இது என்னையும் என் பங்கையும் கட்டுப்படுத்தாது என்று அறிவியுங்கள், பாகம் பிரித்துக் கொடுங்கள்" என்று கேட்கலாம். உங்களுக்கும் தங்கைக்கும் ஆளுக்கு மூன்றில் ஒரு பங்கு. அறிவிப்பு கேட்கும் வழக்குக்கு மூன்று வருஷக் கெடு உண்டு, பொங்கலன்று தெரிந்ததை அடுத்த பொங்கலுக்குப் பார்ப்போம் என்று வைக்காதீர்கள். வழக்கோடு சேர்த்து இடைக்காலத் தடையும் கேளுங்கள். தாசில்தாருக்கு பட்டா மாற்றக் கூடாது என்று ஒரு ஆட்சேபணை மனு, சார்பதிவாளருக்கு ஒன்று, இரண்டும் இந்த வாரமே போகட்டும்.

கிரிமினல் புகாருக்கு அப்படிக் காலக்கெடு இல்லை. மூன்று வருஷத்துக்கு மேல் தண்டனை உள்ள குற்றங்களுக்குக் காலவரம்பு கிடையாது. ஆனாலும் ஏன் தாமதம் என்று கேட்பார்கள், எப்போது எப்படித் தெரிந்தது என்பதைப் புகாரிலேயே எழுதிவிடுங்கள்.

அண்ணனைப் பற்றி நீங்கள் சொன்னதைப் புரிந்துகொள்கிறேன். ஆனால் அவர் வீட்டுப் பெரியவர்களைக் கூட்டி "ஏதோ தெரியாமல் செய்துவிட்டேன், இந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போடு" என்று ஒன்றை நீட்டினால், படிக்காமல், வக்கீலிடம் காட்டாமல் போட்டுவிடாதீர்கள். அது பெரும்பாலும் உங்கள் பங்கை விட்டுக்கொடுக்கிற விடுதலைப் பத்திரமாகத்தான் இருக்கும்.

கேள்வி: தாத்தா பெயரில் இருந்த வீட்டைச் சித்தப்பா "எனக்கு மட்டுமே பாத்தியப்பட்டது" என்று எழுதித் தன் கையெழுத்திலேயே விற்றுவிட்டார். எங்கள் அப்பாவுக்குப் பங்கு இருக்கிறது. இதுவும் போலிப் பத்திரம்தானே? புகார் கொடுத்தால் எஃப்.ஐ.ஆர். போடுவார்களா?
– வாசகர், விருதுநகர்

பதில்: தம்பி, இல்லை. சித்தப்பா சித்தப்பாவாகவே வந்து தன் பெயரிலேயே கையெழுத்துப் போட்டிருக்கிறார். எழுதியது பொய், ஆனால் ஆவணம் போலி இல்லை. பீகாரிலிருந்து போன ஒரு வழக்கில் 2009ல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகவே சொல்லிவிட்டது: தனக்கில்லாத சொத்தைத் தன்னுடையது என்று சொல்லித் தன் பெயரில் கிரையம் எழுதுவது சட்டம் சொல்கிற "போலி ஆவணம்" ஆகாது, இன்னொருவர் போல நடித்தோ, இன்னொருவர் அதிகாரம் கொடுத்ததாகப் பொய் சொல்லியோ எழுதினால்தான் ஆகும். ஏமாற்றுக் குற்றம் என்று பார்த்தாலும் ஏமாந்தவர் பணம் கொடுத்து வாங்கியவர், உங்கள் அப்பா இல்லை. உங்கள் பணத்தையும் நேரத்தையும் பாகப்பிரிவினை வழக்கில் போடுங்கள். தன் பங்குக்கு மேல் விற்க சித்தப்பாவுக்கு உரிமை இல்லை, அப்பாவின் பங்கை அந்தக் கிரையம் தொடாது.

கேள்வி: மருத்துவச் செலவுக்கு 50,000 ரூபாய் கடன் வாங்கினேன். எழுதாத புரோநோட்டு ஒன்றிலும் ஒரு செக்கிலும் கையெழுத்து மட்டும் வாங்கிக்கொண்டார். வட்டி கட்டிக்கொண்டேதான் இருந்தேன். இப்போது 5 லட்சம் என்று பூர்த்தி செய்து வக்கீல் நோட்டீஸ் அனுப்பியிருக்கிறார். இது ஃபோர்ஜரி இல்லையா? அவரை உள்ளே வைக்க முடியாதா?
– வாசகர், கோபிசெட்டிபாளையம்

பதில்: உங்கள் கோபம் நியாயம், சட்டமும் உங்கள் பக்கம் இருக்கிறது. ஆனால் நிரூபிக்கிற பாரம் உங்கள் தோளில்.

போலி ஆவணம் என்றால் என்ன என்று விளக்குகிற பிரிவில், 1860லேயே எழுதி வைத்த சில உதாரணங்கள் இருக்கின்றன, புதிய சட்டத்திலும் அவை தொடர்கின்றன. ஒன்று, 10,000 என்று இருக்கும் கடிதத்தில் ஒரு சைபர் சேர்த்து ஒரு லட்சம் ஆக்குவது. இன்னொன்று அப்படியே உங்களுக்கு எழுதியது போல இருக்கும்: தொகை எழுதாத செக்கில் கையெழுத்துப் போட்டு, 10,000க்கு மேல் போகாமல் எழுதிக்கொள் என்று ஒருவரிடம் கொடுத்தால், அவர் மோசடியாக 20,000 என்று எழுதினால் அது ஃபோர்ஜரி. ஆக, அனுமதித்த தொகைக்கு மேல் பூர்த்தி செய்வது குற்றம்தான். புரோநோட்டு மதிப்புள்ள ஆவணம், அதனால் ஆயுள் வரை போகும் அந்தப் பெரிய பிரிவுக்குள்ளேயே வரும்.

சிக்கல் வேறு இடத்தில். மாற்றுமுறை ஆவணச் சட்டம் 20வது பிரிவுப்படி, முத்திரையோடு கூடிய வெற்று நோட்டில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாலே, வைத்திருப்பவர் பூர்த்தி செய்துகொள்ளலாம் என்று நீங்கள் அனுமதி கொடுத்ததாக முதலில் எடுத்துக்கொள்ளும். 2019ல் உச்ச நீதிமன்றமும், விருப்பப்பட்டுக் கொடுத்த வெற்று செக்கில் தொகையை இன்னொருவர் எழுதினார் என்பதாலேயே அது செல்லாமல் போகாது என்று சொல்லியிருக்கிறது. "என் கையெழுத்துதான், ஆனால் எழுத்து என்னுடையது இல்லை" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தால் ஜெயிக்க முடியாது. வாங்கியது 50,000தான் என்பதைக் காட்ட வேண்டும். அந்தத் தேதியில் உங்கள் வங்கிக் கணக்கில் வந்த பணம், ஆஸ்பத்திரி பில், மாதாமாதம் ஜி பே-யில் அனுப்பிய வட்டி, வாட்ஸ்அப்பில் "இந்த மாச வட்டி வரலையே" என்று அவர் அனுப்பிய செய்தி, எல்லாம் சாட்சி. மாத வட்டி 1,500 என்று இருந்தால் அசல் என்னவாக இருக்கும் என்று நீதிபதிக்கே தெரியும். 5 லட்சம் கொடுக்க அவரிடம் அன்றைக்கு வசதி இருந்ததா என்பதையும் கேட்கலாம்.

முதல் வேலை, நோட்டீஸுக்குப் பதில் அனுப்புவது. செக் திரும்பியதற்கான நோட்டீஸ் என்றால் கிடைத்த நாளிலிருந்து 15 நாள்தான். பதிலே போடாமல் சும்மா இருந்துவிட்டு, வழக்கு வந்தபின் ஃபோர்ஜரி என்று சொன்னால் யாருக்கும் நம்பிக்கை வராது. வட்டி அநியாயமாக இருந்தால் தமிழ்நாட்டின் 2003ம் வருஷக் கந்துவட்டித் தடைச் சட்டத்திலும் புகார் கொடுக்கலாம்.

ஒருவேளை நீங்கள் கையெழுத்துப் போடும்போதே 50,000 என்று எழுதியிருந்து அவர் சைபர் சேர்த்திருந்தால் கதையே வேறு, அந்த நோட்டு உங்களுக்கு எதிராகச் செல்லாமலே போகும், தடய அறிவியல் ஆய்வுக்கு அனுப்பச் சொல்லி மனு போடலாம். அவர் அதைக் கோர்ட்டில் தாக்கல் செய்துவிட்டார், இனி போலீஸ் தலையிட முடியாது என்று சிலர் சொல்வார்கள். தாக்கல் செய்வதற்கு முன்பே வெளியில் நடந்த திருத்தத்துக்கு அந்தத் தடை கிடையாது, இது 2005ல் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு சொன்னது.

கேள்வி: என் மகன் ஒரு புரோக்கரிடம் பணம் கொடுத்து டிகிரி சர்டிபிகேட் வாங்கி, அதை வைத்து வேலைக்குச் சேர்ந்துவிட்டான். கம்பெனியில் சரிபார்த்தபோது போலி என்று தெரிந்து, போலீஸுக்குப் போவதாகச் சொல்கிறார்கள். ஆயுள் தண்டனை என்று பக்கத்து வீட்டில் சொல்கிறார்கள். பயத்தில் சாப்பாடு இறங்கவில்லை.
– ஒரு தந்தை, ஆவடி

பதில்: ஐயா, முதலில் அந்தப் பயத்தைக் கொஞ்சம் இறக்கி வையுங்கள். ஆயுள் வரை போகும் பிரிவு சொத்துரிமை, பண உரிமை தருகிற ஆவணங்களுக்கு. படிப்புச் சான்றிதழ் அந்த வகை இல்லை என்று, காலேஜ் அட்மிஷனுக்குப் போலிச் சான்றிதழ் கொடுத்த ஒரு வழக்கில் 1980லேயே உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. ஆனால் ஏமாற்றுவதற்காகச் செய்த போலி ஆவணம், அதைப் பயன்படுத்தியது என்ற குற்றங்கள் வரும், ஏழு வருஷம் வரை தண்டனை உள்ளவை. லேசான விஷயம் இல்லை.

"புரோக்கர் ஏமாற்றிவிட்டார்" என்று சொல்லலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். சட்டம் பார்ப்பது, போலி என்று தெரிந்தோ, நம்பக் காரணம் இருந்தோ பயன்படுத்தினாரா என்பதை. ஒரு பரீட்சைகூட எழுதாமல் கைக்கு வந்த டிகிரி உண்மையானது என்று நம்பினேன் என்றால் எந்த நீதிமன்றமும் ஏற்காது. ஃபீஸ் கட்டி, தொலைநிலைக் கல்வி என்று நம்பி, எங்கோ உட்கார்ந்து பரீட்சையும் எழுதியிருந்தால் நிலைமை வேறு, அப்போது அவனே புகார்தாரர். ரசீது, ஹால் டிக்கெட் இருக்கிறதா என்று மகனிடம் உண்மையைக் கேளுங்கள், வக்கீலிடம் அந்த உண்மையையே சொல்லுங்கள்.

அந்தச் சான்றிதழை இனி எங்கும் காட்டக் கூடாது, வேறு கம்பெனிக்கு அனுப்பினால் அது இன்னொரு குற்றம். கிழித்துப் போடவும் கூடாது, அது சாட்சியத்தை அழித்ததாகும். முன்ஜாமீனுக்கு ஒரு வக்கீலைப் பாருங்கள். புரோக்கருக்குப் பணம் போன விவரம், அவர் அனுப்பிய செய்திகளைப் பத்திரமாக வையுங்கள், அச்சடித்த கையைப் பிடிக்க அதுதான் வழி. மகனைத் தனியாக விடாதீர்கள், இந்த வயதில் அவமானம் தாங்காமல் ஏதாவது செய்துகொண்டவர்கள் உண்டு. வழக்கைச் சந்தித்து முடித்துவிட்டு மறுபடி படித்தவர்களும் உண்டு.

கேள்வி: எங்கள் மாமா மேல் 420, 467, 468, 471 என்று எஃப்.ஐ.ஆர். இருக்கிறது. இப்போது பணத்தைத் திருப்பிக் கொடுத்துச் சமாதானம் ஆகிவிட்டது. புகார் கொடுத்தவர் வாபஸ் வாங்கிவிட்டால் முடிந்ததா?
– வாசகி, தென்காசி

பதில்: முடியாது. 420ஐ மட்டும், ஏமாந்தவர் சம்மதித்தால், நீதிமன்ற அனுமதியோடு சமாதானம் செய்துகொள்ளலாம். 467, 468, 471 சமாதானத்துக்கு உட்படாதவை, ஸ்டேஷனில் எழுதிக் கொடுக்கிற வாபஸ் கடிதத்துக்கு அங்கே மதிப்பில்லை. தென்காசி மாவட்டம் என்பதால் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் எஃப்.ஐ.ஆரை ரத்து செய்யக் கோரி மனு போட வேண்டும், புகார்தாரரும் சமாதானப் பிரமாணப் பத்திரம் தாக்கல் செய்து, கூப்பிட்டால் நேரில் வந்து சொல்ல வேண்டும். இரண்டு பேருக்குள் நடந்த பணத் தகராறு, வேறு யாருக்கும் நஷ்டமில்லை என்றால் ரத்தாக நல்ல வாய்ப்பு உண்டு. வங்கியோ அரசுப் பதிவேடோ சம்பந்தப்பட்டிருந்தால் கஷ்டம். பணம் கொடுத்ததை ரொக்கமாக இல்லாமல் வங்கி வழியாகக் கொடுத்தீர்களா? இல்லையென்றால் இப்போதே ஒரு ரசீது எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.